பெரியம்மையும் கடைசி இரண்டு நிமிஷமும்

கூடைப்பந்தில் ‘இன்னும் இரண்டு நிமிஷம்’ என்று திரையில் காட்டினால், அதை நம்பி அடுப்பில் எதையும் ஏற்றக் கூடாது. பெரியம்மை ஏற்றிவிட்டாள். அமெரிக்காவில், சின்சினாட்டியில் அண்ணன் வீட்டில் 2024 டிசம்பர் 14, சனிக்கிழமை, ஒன்பது பேருக்கு வாங்கி வைத்திருந்த இரண்டு பாக்கெட் ஸ்பகெட்டி கூழாய்ப் போனது அப்படித்தான்.

அண்ணன் படித்தது சின்சினாட்டி பல்கலைக்கழகம். சிவப்பு, கறுப்பு. மைனி சேவியர் பல்கலைக்கழகம். நீலம். இரண்டு வளாகத்துக்கும் நடுவே மூன்று மைல், நம்ம கோட்டாறிலிருந்து சுசீந்திரம் போகிற தூரம். ஆண்டுக்கொரு முறை இரண்டும் கூடைப்பந்தில் மோதுவதற்குப் பெயர் க்ராஸ்டவுன் ஷூட்அவுட். முதல் ஆட்டம் 1927-28 சீசனில். ஜாதகம் பார்த்து பத்துப் பொருத்தமும் சரி என்று சொன்ன ஜோசியர் இந்தப் பொருத்தத்தை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டார்.

இரண்டு பேர் கையிலும் ஆயுதம் தயார். அண்ணன் எடுத்த எடுப்பில் 1961, 1962 என்பான். அடுத்தடுத்த இரண்டு வருஷமும் தேசியப் பட்டம், இரண்டு இறுதிப் போட்டியிலும் ஒஹையோ ஸ்டேட்டை அடித்தது. அதற்கு முன்னால் கூடைப்பந்து நட்சத்திரம் ஆஸ்கர் ராபர்ட்சன் ஆடிய மூன்று வருஷம் வேறு. “நீங்க ஃபைனல் ஃபோர் வாசல மிதிச்சதுண்டா?” என்று முடிப்பான். தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிக்குள் வருவதுதான் அது. சேவியர் மிதித்ததில்லை, உண்மைதான். மைனி குரலை உயர்த்தவே மாட்டாள். “1996” என்பாள். கொஞ்சம் பொறுத்து, “1999” என்பாள். இரண்டு தடவையும் சின்சினாட்டி நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த அணி. இரண்டு தடவையும் சேவியரிடம் தோற்றது. முதலாவது 71-69, லென்னி பிரவுன் கடைசி நொடியில் போட்ட பந்து. இரண்டாவது 66-64. அது போதாதென்று 2019 முதல் 2023 வரை தொடர்ந்து ஐந்து ஷூட்அவுட்டும் சேவியருக்கே போயிற்று. டிசம்பர் பிறந்தால் அண்ணன் யாரிடமும் சரியாக முகம் கொடுத்துப் பேசாததன் காரணம் இப்போது விளங்குகிறதா?

2011-ஐப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறப்பதில்லை. 76-53 என்று சேவியர் முன்னால் நிற்க, 9.4 நொடி பாக்கி இருக்கும்போது கைகலப்பு. நடுவர்கள் ஆட்டத்தை அத்தோடு முடித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு பேருக்குத் தடை, அதிகபட்சம் ஆறு ஆட்டம். ‘ஷூட்அவுட்’ என்ற பெயர்தான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ, அடுத்த இரண்டு வருஷம் ‘க்ளாஸிக்’ என்று பெயர் மாற்றி, நகரத்தின் நடுவே ஒரு பொது அரங்கத்தில் நடத்திப் பார்த்தார்கள். அப்புறம் பழைய பெயரும் வந்தது, ஆட்டமும் வளாகத்துக்கே திரும்பியது.

இதற்குள்தான் நம்ம பெரியம்மை போய் இறங்கியிருக்கிறாள்.

யார் எந்தக் கட்சி என்று விளக்க அண்ணன் உட்கார்ந்தான். சேவியர் என்றால் யார் என்று பெரியம்மை கேட்டிருக்கிறாள். சவேரியார்தான், 1840-ல் இயேசு சபையார் கைக்கு வந்தபோது அவர் பெயரை வைத்தார்கள் என்று மைனி சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். “நம்ம கோட்டாறு சவேரியாரு காலேஜாக்கும்?” டிசம்பர் 3 திருவிழாவுக்கு இந்த வருஷம் ஊரில் இல்லையே என்று ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தவள். நெற்றியில் திருநீறு, ஆனாலும் சவேரியாருக்கு மெழுகுவத்தி ஏற்றாமல் எங்கள் பரீட்சை ஒன்றுக்கும் எங்களை அனுப்பியதில்லை. அண்ணன் விடாமல், “எங்க சின்னம் பேர்கேட்மா” என்று போனில் பின்ட்டுராங் படத்தைக் காட்டியிருக்கிறான். கறுப்பாக, மீசை வைத்து, மரக்கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டு கிடந்தது. பெரியம்மை கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தாள். “இது மரப்பட்டில்லா மக்கா!” சொந்தமும் அதேதான், மரநாய்க் குடும்பம். “சவேரியாருக்கும் மரப்பட்டிக்கும் சண்டைன்னா நான் எந்தப் பக்கம் நிப்பேன்னு நெனைக்க?”

அன்றைக்குச் சமையல் சின்சினாட்டி சில்லி. இந்த ஆட்டமென்றால் அந்த ஊரில் அதுதான். பெயரைப் பார்த்து மிளகாயை எதிர்பார்க்காதீர்கள். 900 கிராம் கொத்துக்கறியை வதக்காமல், ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரில் கையால் கரைத்து அடுப்பில் ஏற்ற வேண்டும். வதக்கினால் கறி கட்டி கட்டியாகிவிடும். இதற்கு மணல் மாதிரி உதிர வேண்டும். பிறகு வெங்காயம், பூண்டு, தக்காளி சாஸ், பட்டை, கிராம்பு, சீரகம், பிரிஞ்சி இலை, கொஞ்சம் வினிகர், இனிப்பில்லாத சாக்லேட் ஒரு துண்டு. சிறு தீயில் மூன்று மணி நேரம். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, மேலே உறைந்த கொழுப்பை மறுநாள் வழித்தெடுத்துவிட வேண்டும். பெரியம்மை மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, “தேங்கா அரைக்காத சால்னா” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். சாக்லேட்டை அவளுக்குச் சொல்லவில்லை.

ஸ்பகெட்டி, மேலே இந்தச் சில்லி, அதற்கும் மேலே துருவிய செடார் சீஸ் ஒரு குன்று: இது ‘த்ரீ-வே’. வெங்காயமோ பீன்ஸோ சேர்ந்தால் ஃபோர், இரண்டும் சேர்ந்தால் ஃபைவ். சீஸைக் கட்டியாக வாங்கி வீட்டில்தான் துருவ வேண்டும். பாக்கெட்டில் துருவி வருவதில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், சரியாக உருகாது. முள்கரண்டியில் சுற்றிச் சாப்பிட்டால் வெளியூர் ஆள் என்று தெரிந்துபோகும். பக்கவாட்டில் வெட்டித்தான் சாப்பிட வேண்டும்.

ஆக, ஆட்ட நாளில் மிச்சமிருக்கும் வேலை ஸ்பகெட்டி வேகவைப்பது ஒன்றுதான். பத்து நிமிஷம். இங்கேதான் பெரியம்மையின் கணக்கு.

முதல் பாதியைக் கூர்ந்து பார்த்து ஆட்டத்தின் போக்கைப் பிடித்துவிட்டாள். ஒரு பாதி இருபது நிமிஷம். பின்னோக்கி ஓடும் கடிகாரம் 16, 12, 8, 4 தாண்டியதும், அடுத்து எப்போது பந்து நிற்கிறதோ அப்போது விளம்பர இடைவேளை. இடைவேளைக்கு ஓர் அடுப்பு வேலை. முதல் பாதியில் வெங்காயம் அரிந்தாள், சீஸ் துருவினாள், பீன்ஸைச் சூடாக்கினாள். எல்லாம் டாண் என்று நடந்தது. இரண்டாம் பாதியில் 8 தாண்டி வந்த இடைவேளையில் உலை வைத்தாள். கடிகாரத்தில் இரண்டு நிமிஷம் பாக்கி என்றதும் ஸ்பகெட்டியைப் போட்டாள். இரண்டு நிமிஷம் ஆட்டம், கைதட்டல், கட்டிப்பிடி, கைகழுவல் எல்லாம் சேர்த்தால் பத்து. கணக்கு சரிதான். கூடைப்பந்துதான் சரியில்லை.

அந்த இரண்டு நிமிஷம் எப்படி நீள்கிறதென்றால், பின்தங்கிய அணிக்கு எதிரி நேரம் என்ற ஒன்றுதான். முன்னணியில் இருப்பவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு 30 நொடியை அப்படியே தின்றுவிடலாம். அதைத் தடுக்க அவனை வேண்டுமென்றே பிடித்து ஃபவுல் செய்வார்கள். கடிகாரம் நிற்கும். அவன் ஃப்ரீ த்ரோ போடுவான், அதாவது யாரும் தடுக்காமல் கூடைக்கு வீசுவான். பாதிக்குள் ஏழாவது ஃபவுலிலிருந்து, முதல் வீச்சு கூடையில் விழுந்தால்தான் இரண்டாவது வீச்சு. பத்தாவதிலிருந்து இரண்டு வீச்சும் உறுதி. அவனுக்குக் கூடினால் இரண்டு புள்ளி, நமக்குப் பந்து திரும்பக் கிடைக்கும், தூரத்திலிருந்து போட்டால் மூன்று. கடைசி ஒரு நிமிஷத்தில் கூடை விழுந்தாலும் கடிகாரம் நின்றுவிடும். நடுவே பயிற்சியாளர்கள் மிச்சம் பிடித்த டைம்-அவுட். பந்து யார் கையில் பட்டு வெளியே போனது என்று நடுவர்கள் டிவிக்கு முன்னால் குனிந்து நிற்பது வேறு. நெருக்கமான ஆட்டமென்றால் இரண்டு நிமிஷம் கால் மணி நேரம் ஓடும், சில நாள் அதற்கும் மேல்.

பெரியம்மை அடுப்படிக்கே போகவில்லை. சோபா நுனியில் உட்கார்ந்து, “அந்தப் பிள்ளைய ஏம்ல பிடிச்சு இழுக்கான்? கேக்க ஆளில்லையா?” என்று நடுவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். அண்ணனின் போனில் ஸ்கோர் செய்தி திரைக்கு முன்னாலேயே வந்து சிணுங்க, மைனி அதைப் பிடுங்கிக் குஷனுக்கு அடியில் சொருகினாள். நெட்டில் வரும் படம் அரை நிமிஷம் பிந்தித்தான் வரும். ஷூட்அவுட் பார்க்கிற வீட்டில் போன் அறிவிப்பை முதலிலேயே அணைத்துவிட வேண்டும் என்று வருஷா வருஷம் சொல்வார்கள், வருஷா வருஷம் மறப்பார்கள்.

சின்சினாட்டி 68, சேவியர் 65. ஐந்து தோல்விக்குப் பிறகு அண்ணன் வாயைத் திறந்து கத்தப்போகும் நேரம் பார்த்து, அடுப்படியிலிருந்து தீய்ந்த வாடை.

ஒன்பது பேரும் சில்லியை ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டார்கள். நன்றாகவே இருந்ததாம்.

பந்தயம் ஒன்று பாக்கி இருந்தது. தோற்றவர் மறுநாள் எதிரணி டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு இந்தியன் ஸ்டோருக்குப் போய் வர வேண்டும், போட்டோவும் குழுவில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை மைனி மாடியிலிருந்து இறங்கி வரும்போது பெரியம்மை கிளம்பித் தயாராக நின்றாள். சேலை, சேலைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் அண்ணனுடைய எக்ஸ்எல் சிவப்பு டி-ஷர்ட்.

“தோத்தது சவேரியாரு. அவரு பக்கம் நின்னது நான். இவ எதுக்குப் போடணும்?”

“எம்மா, பந்தயம் அவகூடல்லா...”

“நீ சும்மா கெட மக்கா. வண்டிய எடு.”

மைனி ஒன்றும் சொல்லவில்லையாம். உள்ளே போய்த் தன் நீல மப்ளரை எடுத்து வந்து பெரியம்மை கழுத்தில் சுற்றிவிட்டாளாம். கடையில் பில் போடுகிற பையன் சிவப்பைப் பார்த்துவிட்டு “கோ பேர்கேட்ஸ்!” என்று கையை நீட்டியிருக்கிறான். “போல மரப்பட்டி” என்று சிரித்த முகத்தோடு தமிழில் சொல்லிவிட்டு, சீனியவரைக்காய் ஒரு கிலோவும் புளி ஒரு பாக்கெட்டும் வாங்கி வந்திருக்கிறாள்.

அடிப்பிடித்த பானையைப் பற்றிப் பந்தயத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. சுடுதண்ணீரில் ஆப்பச்சோடா இரண்டு ஸ்பூன் போட்டு ராத்திரியே ஊறவைத்தும் நடுவிலிருந்த கறுப்பு அசையவில்லை, அண்ணன்தான் தேய்த்தான். இத்தனை வருஷம் கழித்து ஜெயித்திருக்கிறேன், ஒருத்தராவது வாழ்த்துச் சொன்னீர்களா என்று குழுவில் கேட்டிருந்தான். குழுவில் விழுந்த அத்தனை ஹார்ட்டும் பெரியம்மை போட்டோவுக்கு.