விழுந்துகொண்டே இருந்த பல்செட்

பக்கவாதத்தில் முகத்தின் வலப்பக்கம் இழுத்துக்கொண்ட பெரியவர் ஒருவருக்கு நான் முதலில் கட்டிக்கொடுத்த பல்செட், என் கிளினிக்கில் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. மறுவாரமே மகள் கூட்டிவந்தார். "அப்பா வாயைத் திறந்தாலே மேல் செட்டு இறங்கிடுது டாக்டர்." அளவில்தான் குறை என்று நினைத்து மறுபடி அளவெடுத்துச் செய்தேன். அதுவும் இறங்கியது.

நான் வாயை மட்டும் பார்த்தேன், கன்னத்தைப் பார்க்கவில்லை. மேல் செட்டு அண்ணத்தில் ஒட்டி நிற்க எச்சில் படலம் மட்டும் போதாது. அதன் விளிம்பை உதடும் கன்னமும் சுற்றி அணைத்துக் காற்றை அடைக்க வேண்டும். முகத் தசைகளை இயக்கும் ஏழாம் நரம்பின் கட்டளை வராத பக்கம் கன்னம் துவண்டு தொங்கும். அங்கே காற்று புகுந்ததும் செட்டின் எடையே அதைக் கீழே இழுத்துவிடும்.

அவருக்கு ஈறு எலும்பு நிறையக் கரைந்திருந்தது. அந்தப் பள்ளத்தை நிரப்ப செட்டு செய்யும் பிளாஸ்டிக்கான அக்ரிலிக்கைத் தடிமனாகப் போட்டிருந்தேன், கனமும் கூடிவிட்டது. மூன்றாவது முறை பல்செட் செய்யும் லேபில் சொல்லி உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்யச் சொன்னேன். மாவுபோல் பிசையும் சிலிகோன் பொருளை நடுவில் வைத்து வேகவைத்து, பிறகு துளை போட்டு அதைச் சுரண்டி எடுத்து, துளையை அடைத்தார்கள். திடமான அக்ரிலிக் தண்ணீரைப்போல் சுமார் 1.18 மடங்கு அடர்த்தி, மூழ்கிவிடும். இந்தச் செட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டதும் மிதந்தது. அடைத்த துளையிலிருந்து குமிழியும் வரவில்லை. அன்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

கீழ் செட்டுக்கு வேறு வழி. அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, சூட்டில் இளகும் காம்பவுண்டு என்ற அளவெடுக்கும் பொருளை வாயில் வைத்து, தண்ணீர் விழுங்கச் சொன்னேன். "ஊ", "ஈ" என்று சொல்லச் சொன்னேன். உள்ளிருந்து நாக்கும் வெளியிலிருந்து கன்னமும் தள்ளுவது சமமாகிக் காம்பவுண்டு நின்ற இடத்தில்தான் பற்களை அடுக்கினோம். பார்க்கக் கொஞ்சம் கோணல்தான். அழகுக்காக அதை நேராக்கினால் செட்டு நிற்காது.

மெல்லும் தசைகளுக்கு நரம்பு வேறு, அவை நன்றாக வேலை செய்தன. ஆனால் சோற்றைப் பல்லுக்கு நடுவே தள்ளித்தரும் வேலை கன்னத்துடையது. அதனால் வலது கொடுப்பில் சோறு தங்கிவிடும். சாப்பிட்டதும் கண்ணாடி பார்த்து விரலால் வழித்தெடுக்கவும், இரவில் செட்டைக் கழற்றி வைக்கவும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். இடப்பக்கமாக மென்று இட்லி சாப்பிடுவதாக அவரே சொன்னார், செட்டு இறங்கவில்லை. தோளில் துண்டு மட்டும் அப்படியே இருந்தது. வாயோரம் ஒழுகும் எச்சிலை என் செட்டால் நிறுத்த முடியவில்லை.