கராஜில் எரியும், சைற்றில் நூரும்

ரொறன்ரோவில் கட்டட வேலைச் சாமான்களை வாடகைக்கு விட்டு, திருத்தியும் கொடுக்கும் கடையொன்றில் 11 குளிர்காலம் வேலை செய்தேன். டிசம்பர் பிறந்தால் என் மேசைக்கு அதிகம் வருவது மண்ணெண்ணெய் ஹீற்றர்தான். பீரங்கிக் குழாய் மாதிரி நீண்டிருக்கும். பின்னால் விசிறி, கீழே எண்ணெய்த் தாங்கி. சைற்றில் புதிதாகக் கொட்டிய கொங்கிறீற் பனியில் கெட்டுப் போகாமல் இருக்க இரவும் பகலும் எரிய வேண்டிய சாமான் அது.

ஒரு ஜனவரியில் ஒன்று வந்தது.

"பத்துச் செக்கன் எரியுது அண்ணை, பிறகு நூந்து போகுது" என்றான் கொண்டுவந்த தம்பி.

இப்படிச் சொன்னால் எல்லோருடைய கையும் முதலில் போட்டோசெல்லுக்குத்தான் போகும். சுவாலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் சின்னக் கண் அது. வெளிச்சம் தெரியாவிட்டால் மோட்டாரை நிறுத்திவிடும். எரியாத எண்ணெய் உள்ளே சேரக் கூடாதல்லவா. நானும் புதிது பூட்டினேன். ஒரு மணித்தியாலம் ஓடவிட்டேன், அருமையாக எரிந்தது. அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அதே தம்பி, அதே ஹீற்றர்.

இந்த ரகத்தில் எண்ணெய்க்கென்று தனிப் பம்ப் கிடையாது. மோட்டாரோடு சுழலும் காற்றுப் பம்ப் ஊசி முனை வழியே காற்றைத் தள்ள, அந்த இழுப்பில்தான் எண்ணெய் மேலேறித் தூறலாகும். காற்றின் அமுக்கம் குறைந்தால் சுவாலை மெலியும், செல் அணைத்துவிடும். மானி வைத்துப் பார்த்தேன், அமுக்கம் சரி. காற்றுப் பில்ரரும் சுத்தம். எத்தனை தரம் மூட்டினாலும் எரிந்தது. சைற்றில் நீண்ட வயரில் கரண்ட் குறைகிறதோ என்றுகூட யோசித்தேன்.

"நாளைக்குக் கொண்டு வராதேங்கோ, நான் வாறன்" என்றேன்.

விடிய 6 மணி, மைனஸ் 18. மூட்டினேன், பத்துச் செக்கனில் நூந்தது. அந்த இடத்திலேயே எண்ணெய்ப் பில்ரரைக் கழற்றி ரோர்ச் அடித்தேன். கற்கண்டுத் தூள் மாதிரி ஐஸ். அந்தக் குளிரை மண்ணெண்ணெய் தாங்கும். அதோடு கலந்திருந்த தண்ணீர் தாங்காது. எங்கள் கடைக் கராஜின் சூட்டில் ஐஸ் உருகி அடியில் போய் நின்றிருக்கிறது. அதனால்தான் என் மேசையில் பழுதே தெரியவில்லை. தாங்கியின் அடி எண்ணெயை ஒரு கண்ணாடிப் போத்தலில் வடித்துத் தம்பிக்குக் காட்டினேன். இரண்டு நிறம், நடுவே ஒரு கோடு.

போத்தலில் தெளியவிட்டுப் பார்ப்பது அப்பா காட்டித் தந்த வேலை. 1990களில், யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலம். கொஞ்சம் பெற்றோல் விட்டு மோட்டார் சைக்கிளை உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். ஒரு சொட்டும் வீண்போகக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே போகக் கூடாது. முதல் நாளே இந்த நினைவு எனக்கு வராமல் போனது இன்றும் மனதை உறுத்துகிறது.

சைற்றில் எண்ணெய்க் கான் மூடியில்லாமல் பனிக்குள் கிடந்தது. அதை மூடிவைக்கச் சொன்னேன். வேலை முடியும்போது தாங்கியை நிரப்பிவிட்டுப் போகவும் சொன்னேன். பாதி வெறுமையான தாங்கிக்குள் ஈரக்காற்று வியர்த்துத் தண்ணீராகும்.

கடைக்கு வந்து, கழற்றிப் போட்ட பழைய செல்லைத் துடைத்துச் சோதித்தேன். ஒரு பழுதும் இல்லை. பில்லில் புதிய செல்லின் காசை வெட்டச் சொல்லிவிட்டு அடுத்த ஹீற்றரைத் தூக்கி மேசையில் வைத்தேன்.