யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்?

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகாதார ஆய்வாளராக இருக்கிறேன். 2020, 2021 இரண்டு வருடமும் என் வேலையில் பாதி, கொரோனா பாசிட்டிவ் வந்தவர்கள் வீட்டு வாசலில் நின்று பேர் எழுதுவதாகவே போனது. யாரைப் பார்த்தார், எங்கே போனார், வீட்டில் எத்தனை பேர், அதில் வயசானவர்கள் யார், சர்க்கரை யாருக்கு. 'காண்டாக்ட் எடுக்கிறது' என்று எங்களுக்குள் சொல்வோம். இந்த நோயைப் பற்றி மருத்துவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். வாசலில் நின்று பேர் எழுதியவர்கள் பார்த்தது கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும், அதைச் சொல்லலாம் என்றுதான் இது.

"கடைசி ஒரு வாரத்துல எங்கெங்க போனீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். பேங்க், ரேஷன் கடை, மன்னார்குடி பஸ், உரக்கடை. எல்லாமே முகம் தெரியாதவர்கள் நின்ற இடங்கள். "பஸ்ல பின்சீட்ல ஒருத்தன் இருமிக்கிட்டே வந்தான் சார், அவன்தான்" என்று உறுதியாகச் சொல்வார்கள். இருக்கலாம், இல்லை என்று சொல்ல முடியாது, பஸ்ஸில் வந்தவரை நாங்கள் தேடிப் பிடிக்கவும் முடியாது. ஆனால் நாலைந்து நாள் கழித்து அந்த வீட்டைச் சுற்றி அடுத்தடுத்து யாருக்குக் காய்ச்சல் வந்தது என்று பார்த்தால் மச்சான், சித்தப்பா, ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறவர், சாயங்காலம் சீட்டாட வருகிற கூட்டாளி என்றுதான் வரிசை போகும். அந்தப் பேர் எதுவும் முதலில் எழுதிய பட்டியலில் இருக்காது. மறைக்க வேண்டும் என்று இல்லை. தம்பி வீட்டுக்குப் போய்வந்ததை யாரும் 'வெளியே போனேன்' என்று கணக்கில் வைப்பதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் கிராம சுகாதார செவிலியர் ஒருவர்தான் கேள்வியை மாற்றினார். "எங்க போனீங்கன்னு கேக்காதீங்க சார், யாரோட உட்கார்ந்து சாப்பிட்டீங்கன்னு கேளுங்க" என்றார். கேட்டோம். அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து, கறிச்சோறு. மோட்டார் கொட்டகையில் மத்தியானச் சாப்பாடு, மூன்று பேர். ஊரிலிருந்து வந்த மருமகனுக்கு விருந்து, அன்று பக்கத்து வீட்டுக்காரரும் இருந்தார். பட்டியல் சரசரவென்று வந்தது, அதில் பாதிப் பேருக்குத் தொண்டை ஏற்கெனவே கரகரத்துக்கொண்டிருந்தது.

யோசித்தால் காரணம் தெரியும். சாப்பிடும்போது மாஸ்க் இருக்காது. எதிரெதிரே அல்லது தோள் இடிக்க உட்காருவோம், பேசுவோம், சிரிப்போம், சாப்பிட்டு முடித்தும் உடனே எழுந்திருக்க மாட்டோம். கால் மணி நேரத்துக்கு மேல் நெருக்கமாக இருந்தவர்களை முக்கியத் தொடர்பு என்று எழுதச் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊர் விருந்தில் கால் மணி நேரத்தில் இலைகூட விழாது.

மாஸ்க் விஷயத்திலும் இதேதான். பேங்க் வாசலில் மூக்கு வரை ஏற்றி ஒழுங்காகப் போட்டிருப்பார், வெளியே வந்து தெரிந்தவரைப் பார்த்ததும் தாடைக்கு இறக்கிவிட்டுத்தான் "என்ன மாமா, சௌக்கியமா?" என்பார். சும்மா நிற்கும்போது போட்டுக்கொண்டு, பேசும்போது இறக்குவது. கிருமி அதிகமாக வெளியே வருவது பேசும்போதும் இருமும்போதும், சத்தமாகப் பேசினால் இன்னும் அதிகம். சொந்தக்காரர் முன்னால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் ஒதுக்குவதாக நினைத்துவிடுவார்களோ என்கிற கூச்சம் நம்மிடம் ரொம்ப ஆழமாக இருக்கிறது. அது பாசம், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பாசம் இருந்த இடத்தில்தான் நோயும் பரவியது, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

முதல் சில மாதம் எங்கள் முழுக் கவனமும் கைப்பிடி, கதவு, ரூபாய் நோட்டு, காய்கறிப் பை என்று தொடுகிற பொருட்களின் மேல்தான் இருந்தது. தெருத்தெருவாக மருந்து அடித்தோம், வீட்டு வாசலில் பிளீச்சிங் பவுடர் போட்டோம். 2020 ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து இது காற்றிலும் பரவுகிறது, அதைக் கணக்கில் எடுங்கள் என்று பகிரங்கமாக எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் அதைத் தன் விளக்கத்தில் தெளிவாகச் சேர்த்தது 2021 ஏப்ரல் கடைசியில். அதே ஏப்ரலில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், கிருமி பட்ட ஒரு பொருளைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று சொன்னது. கை கழுவுவது நல்ல பழக்கம், வயிற்றுப்போக்குக்கும் டைபாய்டுக்கும் அதுதான் காவல், விடவே கூடாது. ஆனால் கொரோனாவில் பெரிய ஆபத்து மூச்சு விடும் காற்றில்தான். மக்களுக்கு இதைச் சொல்ல நான் ஒரே ஒரு உதாரணம்தான் வைத்திருந்தேன்: வீட்டில் ஒரு மூலையில் சாம்பிராணி போட்டால் எங்கெல்லாம் வாசம் வருமோ, எவ்வளவு நேரம் நிற்குமோ, நோயாளியின் மூச்சும் அப்படித்தான். ஜன்னலைத் திறந்தால் கலைந்துவிடும், மூடினால் அங்கேயே சுற்றும்.

இதைப் புரிந்துகொண்டபின் ஊரைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. நடவு ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஜூன் 12 மேட்டூர் அணை திறந்து, பல வருடத்துக்குப் பிறகு உரிய தேதியில் தண்ணீர் வந்த வருடம் அது. அடுத்து சம்பா நடவும் மும்முரம், வேலையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனசு வராது, சொல்லவும் கூடாது. வயலில் இருபது பெண்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்துப் பயந்து போன் போட்டவர்கள் உண்டு. நான் போய்ப் பார்த்தால் திறந்தவெளி, காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. ஆள் கட்டி அழைத்து வருகிற அம்மாவிடம் கேட்டேன், வேலை செய்யும்போது ஒருத்தருக்கொருத்தர் நெருங்கி நின்று பேசுவீர்களா என்று. "குனிஞ்சா நிமிரவே நேரமில்ல தம்பி, எங்க ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்குறது? வண்டியிலதான் எல்லாக் கதையும்" என்றார்.

வண்டி என்றால் குட்டியானை. மழைக்காலம் என்பதால் மேலே கம்பி கட்டிப் படுதா போர்த்தி, பின்பக்கமும் இறக்கிவிட்டிருப்பார்கள். உள்ளே அத்தனை பேரும் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு, தூக்குவாளி மடியில், ஒரு சுருக்குப்பை கைமாறிக் கைமாறி வெற்றிலை போட்டுக்கொண்டு, மாமியார் கதை மருமகள் கதை எல்லாம் பேசி, பலமாகச் சிரித்துக்கொண்டு முக்கால் மணி நேரம். வயலில் எட்டு மணி நேரம் நின்றதில் இல்லாத ஆபத்து அந்த முக்கால் மணி நேரத்தில் இருந்தது. படுதாவைச் சுருட்டுங்கள் என்றேன். "நனைஞ்சா சளி புடிக்குமே தம்பி" என்றார் அந்த அம்மா, அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, ஈரச் சேலையோடு நாள் முழுக்க யார் நிற்பார்கள்? இரண்டு நடையாக ஏற்றுங்கள் என்றால் வாடகையை நிலத்துக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் மேல்படுதா இருக்கட்டும், பின்பக்கமும் பக்கவாட்டும் சுருட்டிக் கட்டுவது, இருமல் இருக்கிறவர் அன்றைக்கு வண்டியில் ஏறாமல் மகனோடு சைக்கிளில் வருவது என்று பேசி முடித்தோம். 'வேலைக்கு வராதே' என்று சொல்லியிருந்தால் இருமலை மறைத்துக்கொண்டு ஏறியிருப்பார்கள். கூலி போகாது என்று தெரிந்ததால் சொன்னார்கள்.

நெல் கொள்முதல் நிலையத்திலும் அப்படியே. களத்தில் நெல்லைக் கொட்டி வைத்துக்கொண்டு நாள்கணக்கில் காத்துக்கிடக்கும் விவசாயிகளைப் பார்த்தால் கூட்டம் மாதிரி தெரியும், ஆனால் அவர்கள் வெட்டவெளியில் ஆளுக்கொரு குவியல் பக்கத்தில் படுத்திருப்பார்கள். சிக்கல் இருந்தது, பட்டியல் எழுதுகிற அந்தச் சின்ன அறையில்தான். சிட்டா, அடங்கல், ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் என்று கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நான் போன ஒரு நிலையத்தில் இருந்த ஒரே ஜன்னலையும் மறைத்துச் சாக்குக்கட்டு அடுக்கியிருந்தது. அத்தோடு அங்கே எல்லாருமே இருமுவார்கள். தூற்றும்போது பறக்கிற தூசி அப்படி. அதனால் யார் இருமினாலும் 'நெல்லுத் தூசி' என்று விட்டுவிடுவார்கள். மேசையைத் தூக்கி வெளியே கொட்டகையில் போடச் சொன்னோம். போட்டார்கள். செலவில்லாத வேலை.

அடுத்து நாள் கணக்கு. எனக்கு அதிகம் தொண்டை வறண்டது இதை விளக்கித்தான். காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடுவார், சிலருக்குக் காய்ச்சலே வராது, ஆனாலும் கொடுப்பார். தொற்று பரவியிருந்த சென்னைக் கோயம்பேடு சந்தையிலிருந்து 2020 ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் அரியலூர், கடலூர், விழுப்புரம் என்று ஊர் திரும்பியவர்களில் பலர் தெம்பாகத்தான் இருந்தார்கள். பல நாள் கழித்து வீட்டுக்கு வந்தவர் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சாமல் இருப்பாரா? இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வீட்டில் ஒருவருக்குப் பாசிட்டிவ் என்றதும் மறுநாளே மற்றவர்கள் ஓடிப்போய் மாதிரி கொடுத்து, நெகட்டிவ் வந்ததும் 'நமக்கு ஒண்ணுமில்லை' என்று மாமனார் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். கிருமி உடம்பில் ஏறித் தெரிவதற்கு நாலைந்து நாள் ஆகும். அதனால்தான் தொடர்பில் இருந்தவர்களை ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் நடுவில் சோதிக்கச் சொன்னது ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். முதல் நாள் நெகட்டிவ் என்பதை நம்பி நடந்த விருந்துகள் எத்தனை என்று எழுத ஆரம்பித்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

சாவு வீடு பற்றிச் சொல்லாமல் விட முடியாது. துக்கம் கேட்கப் போவதை நம் பக்கத்தில் யாராலும் தவிர்க்க முடியாது. போகாவிட்டால் தலைமுறைக்கும் பேச்சு நின்றுபோகும். போனால் பெண்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்து ஓங்கி அழுவார்கள். குளிர்ப்பெட்டி வைத்திருக்கும் கூடத்தில் கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கும். இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று உத்தரவு இருந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு பிணத்துக்கு முன்னால் நின்று தலை எண்ண என்னால் முடியவில்லை, முடியும் என்று சொல்கிறவர்களை நான் பார்த்ததும் இல்லை. நாங்கள் செய்தது, பங்காளிகளில் ஒருவரைப் பிடித்து, பெட்டியை வாசல் பந்தலுக்குக் கொண்டுவரச் சொன்னதுதான். பந்தலில் காற்று இருக்கும். வந்தவர்கள் ஒரு பக்கமாக வந்து மறுபக்கம் போவார்கள். அழுகையை நிறுத்தவில்லை, இடத்தை மாற்றினோம். சாவு வீட்டில் அதிகாரம் செல்லாது, பங்காளி சொன்னால் செல்லும்.

டீக்கடை, சலூன் பற்றி எல்லாரும் கேட்பார்கள். டீ கிளாஸை விட, பெஞ்சில் எதிரே உட்கார்ந்து அரசியல் பேசுகிறவர்தான் கவலை. சலூனில் இரண்டு பேருமே மாஸ்க் போட்டு, கதவைத் திறந்து வைத்தால் போதும்.

வீட்டில் தனிமைப்படுத்துவது என்றால் தனி அறை, முடிந்தால் தனிக் கழிப்பறை என்று வழிமுறையில் இருந்தது. ஒரே அறை உள்ள தொகுப்பு வீட்டில் ஆறு பேர் இருக்கும்போது அதை எப்படிப் படித்துக் காட்டுவது? திண்ணை இருந்த வீடுகளில் திண்ணையில் கயிற்றுக் கட்டில், இல்லாத வீடுகளில் வைக்கோல் போர் பக்கம் கீற்று வைத்து ஒரு மறைப்பு, கொசுவலை. முதல் அலையில் தெருவை அடைத்துத் தகரம் வைத்தது மக்கள் மனசில் நோயை விடப் பெரிய பயத்தை உண்டாக்கிவிட்டது. மருந்துக்கடையில் பாரசிட்டமால் வாங்கிப் போட்டுக் காய்ச்சலை அமுக்கிக்கொண்டு நடமாடினார்கள், 2021 மே மாதம் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்த நாட்களில் மிகத் தாமதமாக வந்தவர்களில் இப்படி அமுக்கி வைத்திருந்தவர்கள் பலர். ஒருவர் உண்மையைச் சொன்னால் அவருக்குச் சோறும் கூலியும் மரியாதையும் போகாது என்று நாம் காட்ட வேண்டும். தகரத்துக்குப் பதில் அரிசி, காய், பால் வாசலுக்கு வந்த தெருக்களில் எங்களுக்குப் பேர் சொல்ல யாரும் தயங்கவில்லை.

2023 மே 5 உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. நோய் போய்விட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. தடுப்பூசியும் ஏற்கெனவே வந்துபோன தொற்றும் சேர்ந்து பெரும்பாலோருக்கு அது இப்போது சாதாரணச் சளி மாதிரி வந்து போகிறது. டயாலிசிஸ் செய்கிறவருக்கும், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவருக்கும், எண்பது வயது ஆயாவுக்கும் அப்படி இல்லை. இன்றைக்கும் இருமலோடு வருகிறவரிடம் நான் கேட்பது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுதான். பேறுகாலம் முடிந்த பெண்ணைப் பார்க்கப் போகிறேன் என்றால், நாலு நாள் கழித்துப் போங்கள், பிள்ளை எங்கேயும் ஓடிவிடாது என்பேன்.

எங்கள் நிலையத்தில் காய்ச்சல் நோயாளிகளை அப்போது வேப்பமரத்தடியில் பெஞ்ச் போட்டு உட்கார வைத்தோம். இப்போது மறுபடி உள்ளே, மூடிய நடையில், கர்ப்பிணிகளுக்குப் பக்கத்திலேயே உட்காருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரத்தடி உதவாது என்பது உண்மைதான். அதனால் கொட்டகை ஒன்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கூரைக்கு ஊராட்சியில் சரி என்று சொல்லிவிட்டார்கள். பக்கச் சுவர் வேண்டாம், இடுப்பளவு சுவர்கூட வேண்டாம், நாலு தூணும் கூரையும் போதும் என்பதைத்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன். "அரசாங்கக் கட்டடம்னா சுவர் இல்லாமயா சார்?" என்று கேட்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடி போய் விளக்க வேண்டும்.