பெண் வீட்டார் பக்கம்

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டார்கள்: "மாப்பிள்ளை வீடா, பெண் வீடா?" பங்குனி உத்திரத்துக்கு எத்தனையோ கோயில்களுக்குப் போயிருக்கிறேன், யாரும் என்னை இப்படி நிறுத்தியதில்லை. நான் விழிப்பதைப் பார்த்து அத்தை முந்திக்கொண்டார். "என் அண்ணன் மகள். ரப்பர் பால் வெட்டிய குடும்பம். பெண் வீடுதான்."

1948 ஜூனில் தோட்டத் துரைகள் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் தொடங்கிய ஊர், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் என்றுதான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டை வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். எனக்கு அது அத்தை ஊர், அவ்வளவுதான். தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளும் இல்லை. சனங்கள் தாமான்களுக்கு, அதாவது புதுக் குடியிருப்புகளுக்கு, குடிபோய்விட்டார்கள். முருகன் மட்டும் செம்பனைக்கு நடுவே தங்கிவிட்டார்.

இன்று அவருக்கும் வள்ளிக்கும் திருக்கல்யாணம். லயத்தில் பிறந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வள்ளியின் தாய்வீடு. தோட்டத்துக் கணக்கரான கிராணி வீட்டாரும் மற்றவர்களும் மாப்பிள்ளை வீடு. நியாயமான பிரிவினைதான். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்தவள், பரண் ஏறிக் கவண் வீசித் தினைப்புனத்தில் கிளி விரட்டியவள், வேறு யார் வீட்டுப் பெண்ணாக இருப்பாள்? கச்சியப்ப சிவாசாரியாரும் சூரனை வதைத்ததோடு கந்தபுராணத்தை நிறுத்தவில்லை. இவள் திருமணத்தைத்தான் கடைசிப் படலமாக வைத்தார்.

தாலி கட்டுவதற்கு முன் காதலை நடித்துக் காட்டுகிறார்கள். வேடனாக வந்தது, வேங்கை மரமாக நின்றது எல்லாம் ஐந்தே நிமிடம். கிழவர் வேடத்தில்தான் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. பசிக்கிறது என்று அவர் முனகியதும், பெண் வீட்டார் தினை மாவு எடுத்துவந்தார்கள். தட்டில் இல்லை, ரப்பர் பால் பிடித்த பழைய மங்கில். புளி போட்டுத் தேய்த்தும் விளிம்பில் ஒரு கறுப்புக் கோடு போகாமல் நின்றது. மேலே கெலுலுட் தேன், கொட்டாத சிறு தேனீயின் தேன். அது புளிக்கும். "முகம் சுளிக்காமல் தின்றால்தான் பெண் கொடுப்போம்," என்றார் அத்தை என் காதில். கிழவர் சுளிக்காமல் தின்றார். விக்கல் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

அடுத்து யானை வரவேண்டும். வரவில்லை. தண்ணீர்க் குழாயைத் தும்பிக்கையாகக் கட்டியிருந்த குள்ளமான பையன் தூணுக்குப் பின்னால் தூங்கிப்போயிருந்தான். "அண்ணா! அண்ணா!" என்று முருகன் கத்த, சபை முழுவதும் சேர்ந்து கத்தியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த பிள்ளையாரைக் கண்டு வள்ளி பயப்படுவதற்குப் பதில் சிரித்துவிட்டாள். இருந்தாலும் கிழவரைக் கட்டிக்கொண்டாள்.

பிறகு உற்சவருக்கு மாலை மாற்றல், மாங்கல்யம், கெட்டிமேளம். மேளம் உயர்ந்தபோது பக்கத்தில் நின்ற பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொண்டே அழுதார்கள். எனக்கும் தொண்டை அடைத்தது. முருகனுக்கு இடப்பக்கம் தெய்வானை அமைதியாக நின்றிருந்தார். அவருக்குப் பெண் வீடு யார் என்று கேட்டேன்.

"இந்திரன் இருக்கிறாரே, அவர் பார்த்துக்கொள்வார்," என்றார் அத்தை.

மொய் எழுதும் வரிசை நீளமாக இருந்தது. பத்து வெள்ளியை நீட்டிப் பெயரைச் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பெரியவர் தலை நிமிராமல் கேட்டார்: "எத்தனையாவது வீடு, அம்மா?" மேலே இருந்த பெயர்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். இடித்துப்போட்ட லயத்து வீடுகளின் எண்கள்.

அப்பா என்னிடம் அதைச் சொன்னதே இல்லை.

"17," என்றார் அத்தை, எனக்குப் பின்னாலிருந்து.