தோட்டாவின் எடையும் வீரரின் தோளும்

காலாட்படை வீரரின் தனிநபர் ஆயுதத்தைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எந்தத் துப்பாக்கி சிறந்தது என்ற ஒப்பீட்டோடு நின்றுவிடுகிறது. அந்தத் துப்பாக்கிக்கான தோட்டாக்களில் எத்தனையை ஒரு வீரரால் சுமக்க முடியும் என்பதே அதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி என்று உறுதியாக நம்புகிறேன். கைத்துப்பாக்கி, கையெறி குண்டு, ரைபிளின் அடியில் பொருத்தும் குண்டு ஏவி ஆகியவையும் தனிநபர் ஆயுதங்களே என்றாலும், வீரரின் சுமையைத் தீர்மானிப்பது ரைபிள்தான்.

5.56 மி.மீ. (குண்டின் விட்டத்தைக் குறிக்கும் அளவு) நேட்டோ தோட்டா ஒன்று ஏறத்தாழ 12 கிராம் எடையுள்ளது, 7.62 மி.மீ. நேட்டோ தோட்டா ஏறத்தாழ அதன் இரு மடங்கு. முப்பது தோட்டாக்கள் கொள்ளும் மேகசின்கள் ஏழு, அதாவது 210 தோட்டாக்கள், என்று கணக்கிட்டால் முன்னதற்குச் சுமார் இரண்டரை கிலோவும் பின்னதற்கு ஐந்து கிலோவும் ஆகும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் நடந்த ஆய்வுகள் காலாட்படை மோதல்களில் பெரும்பாலானவை 300 மீட்டருக்குள்ளேயே நிகழ்வதைக் காட்டிய நிலையில், நெடுந்தொலைவுக்கான கனமான தோட்டாவைச் சுமப்பதற்கான காரணம் வலுவிழந்தது. அமெரிக்கா 1960-களில் 5.56-க்கு மாறியது, 7.62 மி.மீ. குறுந்தோட்டாவோடு 1949-இல் ஏகே-47 ரைபிளை ஏற்றிருந்த சோவியத் ஒன்றியமும் 1974-இல் 5.45-க்கு இறங்கியது.

அமெரிக்காவின் அந்த மாற்றம் வியட்நாமில் பல வீரர்களின் உயிரைக் குடித்தது என்பதை மறக்கக் கூடாது. 5.56 தோட்டாவைச் சுடும் எம்16 ரைபிளை எந்த வெடிமருந்தைக் கொண்டு வடிவமைத்துச் சோதித்தார்களோ, அதற்குப் பதிலாக அதிகக் கசடு விடும் வேறொரு வகை தோட்டாக்களில் நிரப்பப்பட்டது. சுடும்போது தோட்டா அமரும் அறைக்கு, அரிப்பைத் தடுக்கும் குரோம் பூச்சு இல்லை. சுத்தம் செய்யும் கருவிகளும் போதிய அளவில் வழங்கப்படவில்லை. ஈரத்தில் அரிப்புக் கண்ட அறையில் சுடப்பட்ட தோட்டாவின் பித்தளை உறை இறுகிக்கொள்ள, உறையை வெளியே இழுக்கும் கொக்கியான இழுப்பான் அதன் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அப்போது வீரர் எதிரியின் சூட்டுக்கு நடுவே, துடைக்கும் கம்பியைக் குழலின் வாய்வழியே செருகி, உறையைப் பின்பக்கமாகக் குத்தித் தள்ள வேண்டியிருந்தது. 1967-இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு இதை விசாரித்து ராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. அதன்பின் குரோம் பூசிய அறை வந்தது. பராமரிப்பைக் கற்பிக்கப் படக்கதை வடிவில் ஒரு கையேடும் 1968-இல் வெளியானது. வடிவமைப்பாளரைக் குறைகூறுவோர் இன்றும் உண்டு. என் பார்வையில் பெரும்பழி, சோதிக்கப்படாத சேர்க்கையைப் போர்முனைக்கு அனுப்பியவர்களையே சேரும்.

இப்போது அமெரிக்கத் தரைப்படை மறுபடியும் கனமான தோட்டாவை நோக்கித் திரும்பியிருக்கிறது. 2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட எக்ஸ்எம்7 (இப்போது எம்7) ரைபிளின் 6.8 மி.மீ. தோட்டா, நவீன உடற்கவசத்தைத் தொலைவிலிருந்தே துளைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் உருவானது. அதிக அழுத்தத்தைத் தாங்குவதற்காக அதன் உறையின் அடிப்பகுதி எஃகாலும் மேற்பகுதி பித்தளையாலும் ஆனது. அந்த நோக்கத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒலியடக்கியோடு சேர்த்தால் ரைபிளின் எடையே நாலரை கிலோவை நெருங்குகிறது. அது யாருடைய இடத்தைப் பிடிக்கிறதோ அந்த எம்4, அதாவது எம்16-இன் குட்டையான 5.56 வடிவம், சுமார் மூன்று கிலோதான். மேகசினுக்கு இருபது என்ற கணக்கில் வீரர் கொண்டுசெல்வது 140 தோட்டாக்களே. அவற்றின் எடையோ பழைய 210-ஐ விட அதிகம்.

தொலைவை அளந்து குறிப்புள்ளியைத் திருத்தித் தரும் புதிய குறிநோக்கி, குறைந்த தோட்டாக்களிலேயே இலக்கைத் தாக்க உதவும் என்பது இதற்குச் சொல்லப்படும் பதில். பார்வைக்குத் தெரியும் இலக்குக்கு அது பொருந்தும். ஆனால், சக வீரர்கள் நகர்வதற்காக எதிரியைத் தலைதூக்க விடாமல் தொடர்ந்து சுடும்போது, இலக்கு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. அந்த வேலைக்குத் தேவை தோட்டாக்களின் எண்ணிக்கை. அதைத்தான் இந்த ரைபிள் மூன்றில் ஒரு பங்கு குறைத்திருக்கிறது.