மடுமாதாவின் சந்நிதியில் ஒரு விண்ணப்பம்

இலங்கையின் மன்னார் மாவட்டத்துக் காட்டுக்குள் இருக்கும் மருதமடு அன்னை ஆலயத்தின் ஆவணித் திருவிழாவுக்கு 2024ஆம் ஆண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, திருநாளுக்கு மூன்று நாள் இருக்கையிலேயே காடு நிரம்பியிருந்தது. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் வீதியை விட்டு உள்ளே திரும்பியதும் பேருந்துக்குள் இருந்த பேச்சு தானாக அடங்கியது. பின் இருக்கையில் யாரோ செபமாலையைத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்துகொண்டோம். பாலை மரங்களின் கீழே தறப்பாள் கட்டி, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, தமிழரும் சிங்களவரும் அருகருகே தங்கியிருந்தார்கள். அன்னையின் திருச்சொரூபத்துக்கு முடி சூட்டி அந்த ஆண்டோடு நூறாண்டு நிறைந்திருந்ததால் கூட்டம் வழமையைவிட அதிகம் என்றார்கள்.

மடுவுக்குப் போகிற எவரும் ஒன்றை மனத்தில் வைத்திருப்பது நல்லது. அங்கே வீற்றிருக்கும் அன்னையே இடம்பெயர்ந்து வந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், மாந்தையில் இருந்த விசுவாசக் குடும்பங்கள் தங்கள் மாதாவைத் தூக்கிக்கொண்டு 1670ஆம் ஆண்டளவில் இந்தக் காட்டுக்குள் ஒதுங்கின என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. உள்நாட்டுப் போரில் பல்லாயிரம் பேர் வீடு வாசலை விட்டு இதே வளவில் அடைக்கலம் புகுந்தார்கள். 1999 நவம்பர் 20 அன்று ஆலய வளவுக்குள் எறிகணை விழுந்து, அப்படித் தஞ்சமடைந்திருந்தவர்களில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை ஆலயத்தை நெருங்கியபோது குருக்கள் திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டு போனார்கள்; ஓகஸ்டில்தான் அன்னை மடுவுக்குத் திரும்பினார். ‘பாவிகளுக்கு அடைக்கலமே’ என்று மன்றாட்டு மாலையில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அடைக்கலம் என்ற அந்தச் சொல் மடு வளவில் நின்று சொல்லும்போது தொண்டையில் சற்று நின்றுதான் வெளியே வருகிறது.

நாங்கள் வரும் வழியிலேயே மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்துக்கும் போயிருந்தோம். 1992 முதல் 2016 வரை மன்னார் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்து, 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழனன்று இறைவனடி சேர்ந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். எங்கள் மக்கள் அவரை நினைக்கும்போது கூடவே ஓர் எண்ணையும் நினைக்கிறார்கள். 2011 ஜனவரியில், போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் ஒரு கணக்கை வைத்தார். கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிகளின், அதாவது மாவட்டச் செயலகங்களின், பதிவுப்படி 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். 2009 ஜூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். மிகுதி 146,679 பேருக்கும் என்ன நடந்தது என்பதைத் தெளிவுபடுத்துங்கள் என்று கேட்டார். அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. கணக்கில் வராதவர்கள் எங்கே என்றுதான் கேட்டார். ஆயர் என்றால் மேய்ப்பர். பொழுது சாயும்போது பட்டியின் வாசலில் நின்று எண்ணுவதும், ஒன்று குறைந்தால் தேடிப் போவதும் மேய்ப்பரின் வேலை. அரசியல் பேசும் ஆயர் என்று அவரைக் குறை கூறியவர்கள் இருந்தார்கள். அந்தக் கல்லறையருகே முழந்தாளிட்டபோது, அவர் தம் மேய்ப்புப் பணியைத்தான் முழுமையாகச் செய்தார் என்று எனக்குப் பட்டது.

திருநாளன்று காலைத் திருப்பலி தமிழிலும் சிங்களத்திலும் நடந்தது. விண்ணேற்புப் பெருவிழாவின் நற்செய்தி, மரியாள் எலிசபெத்தைச் சந்தித்துப் பாடிய பாடல். வலியவர்கள் அரியணையிலிருந்து இறக்கப்படுவதையும், தாழ்ந்தவர்கள் உயர்த்தப்படுவதையும், பசித்தவர்கள் நிறைவடைவதையும் பாடும் அந்த வார்த்தைகளைச் சிறு வயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறேன். 2009இல் போர் முடிந்ததிலிருந்து பிள்ளையைத் தேடிப் பதினைந்து ஆண்டுகளாக அலையும் தாய்மாருக்கு நடுவில் நின்று கேட்டது அன்றுதான்.

அவர்களில் ஒருவர் எங்கள் தறப்பாளுக்குப் பக்கத்திலேயே தங்கியிருந்தார். முல்லைத்தீவுப் பக்கத்து அம்மா. எழுபது வயது இருக்கும். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய நாளிலிருந்து, உடம்பு இடங்கொடுக்கும் போதெல்லாம் அங்கே போய் இருப்பவர். கோயில் வாசலில் இருந்து போராடுகிற கத்தோலிக்கத் தாய் என்பதில் அவருக்கோ மற்றத் தாய்மாருக்கோ எந்த விகற்பமும் இல்லை. அவர் கையில் மகனுடைய படம் இருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய படத்தைப் பெருப்பித்ததால் முகம் கலங்கியிருந்தது. லமினேற் செய்த ஓரம் பிரிந்து, ஒரு மூலையில் ஈரம் புகுந்து பழுப்பேறியிருந்தது. அந்த மூலை மகனின் தோளைத் தொடாதபடி பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

எங்களுக்கு மறுபுறம் நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து வந்த சிங்களக் குடும்பம் ஒன்று. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று கட்டுவப்பிட்டி ஆலயத்தில் குண்டு வெடித்தபோது அந்த வீட்டிலும் ஓர் உயிர் போயிருந்தது. யார் பின்னால் இருந்தார்கள், முழு உண்மையும் எப்போது வெளிவரும் என்று அவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அம்மாவுக்கும் அவர்களுக்கும் பொதுவான பாஷை அதிகம் இல்லை. ஆனால் நற்கருணைப் பவனி கிளம்பும் முன் அந்த வீட்டுப் பெண் அம்மாவின் கையிலிருந்த படத்தை இரு கைகளாலும் வாங்கி, சேலைத் தலைப்பால் ஒரு தரம் துடைத்து, நெஞ்சோடு வைத்துப் பின் திருப்பிக் கொடுத்ததை நான் பார்த்தேன். 2015 ஜனவரி 14 அன்று, காலையில் கொழும்பில் யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக அறிவித்துவிட்டு மாலையில் மடுவுக்கு வந்த திருத்தந்தை பிரான்சிஸ், தமிழரும் சிங்களவரும் ஒன்றாக அன்னையிடம் வருகிற இடம் இது என்பதைத்தான் நினைவூட்டினார். பழைய காயத்தை மறந்துவிடுவதுதான் சமாதானம் என்று உபதேசிப்பவர்களோடு என்னால் உடன்பட முடியாது. அந்த இரண்டு பெண்களும் எதையும் மறக்கவில்லை.

புறப்படும் நாள் காலையில் அம்மா ஒரு கொப்பித் தாளோடு வந்தார்.

“பிள்ளை, எனக்கு இப்ப எழுத்துத் தெரியுதில்லை. மாதாவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தாறியா?”

வழமையான மன்றாட்டாக இருக்கும் என்று நினைத்துத்தான் பேனையை எடுத்தேன். அவர் மகனின் முழுப் பெயரைச் சொன்னார். பிறகு பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், கிராம சேவகர் பிரிவு. கடைசியாகக் கண்ட நாள் 2009 மே 18, இடம் வட்டுவாகல் பாலம், உடுத்திருந்தது நீலக் கோடு போட்ட சாரம். ஒவ்வோர் ஆணைக்குழுவின் படிவத்திலும் நிரப்பி நிரப்பி மனப்பாடமாகிவிட்ட ஒழுங்கில், நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போனார்.

“மாதாவுக்கு இவ்வளவும் எழுத வேணுமா அம்மா?” என்று கேட்டேன்.

“விவரம் சரியா இருக்க வேணும், பிள்ளை.”

வயது 23 என்று எழுதினேன். அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். அந்த எண்ணை மட்டும் எப்படியோ வாசித்துவிட்டார்.

“அது அப்ப. பக்கத்திலை முப்பத்தெட்டு எண்டு போடு. இப்ப முப்பத்தெட்டு.”

அவர் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். தாளை நான்காக மடித்துப் படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சந்நிதியை நோக்கி நீண்டிருந்த வரிசையின் கடைசியில் போய் நின்றார்.