சுங்கை சிப்புட், மலேசியா, நவம்பர்

நவம்பர் 4, திங்கள்

காலையில் அம்மாவுக்கு அரைக் கோப்பை மைலோ. மதியம் ரசச் சோறு இரண்டு வாய். இரவு ஒன்றும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எடை 39.2. தீபாவளி முறுக்கு டின் இன்னும் நிறைந்தபடியே இருக்கிறது.

நவம்பர் 5, செவ்வாய்

சின்னவள் ஒசாக்காவிலிருந்து ஒரு படம் அனுப்பினாள். தட்டு நிறையக் கனமான ஒரு அடை. முட்டைக்கோஸும் முட்டையும்தான் பெரும்பங்கு, மாவு பேருக்குத்தான். ஒக்கோனோமியாக்கி என்று பேர். ஒக்கோனோமி என்றால் விருப்பப்படி, யாக்கி என்றால் சுட்டது. ஹிரோஷிமாவில் அடுக்கடுக்காக வைத்து நூடல்ஸும் போடுவார்களாம். ஒசாக்காவில் எல்லாவற்றையும் கலந்து ஊற்றிவிடுவார்கள். "பாட்டிக்கு ஒசாக்கா மாதிரி செய்யும்மா, மெல்ல வேண்டாம், கரைஞ்சிடும்" என்றாள்.

கரையும் என்ற ஒரு சொல்லுக்காகவே செய்யப்போகிறேன். இட்லி, கஞ்சி, ரொட்டி எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது.

பேரைத்தான் அம்மாவிடம் சொல்ல முடியாது. இந்த வீட்டில் அந்த நாட்டின் பேரை யாரும் வாயில் எடுப்பதில்லை. சின்னவள் வேலைக்குப் போனபோதுகூட "வெளிநாடு" என்றுதான் சொல்லிவைத்தோம். முட்டைக்கோஸ் அடை என்று சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 6, புதன்

பசாருக்குப் போனேன். கேமரன் மலை முட்டைக்கோஸ் ஒன்று, இறுக்கமானது. சீனர் காய்கறிக் கடையில் வாய்சான் கிழங்கு ஒரு முழம் வாங்கினேன். அங்கே இதைத்தான் துருவி மாவில் சேர்ப்பார்கள், அதனால்தான் அடை உப்பிவரும் என்றாள் சின்னவள். அவர்கள் சாறு எடுக்கும் காய்ந்த மீன் சீவல் ஈப்போவில் கிடைக்கும். ஆனால் அம்மாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது.

நெத்திலி போதுமாம். அங்கேயும் காய்ந்த சின்ன மீனில் சாறு எடுக்கிறார்களாம். தலையும் வயிறும் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். ஒரு கைப்பிடி நெத்திலியோடு வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டே கிள்ளினேன். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள் என்று போனைப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

நவம்பர் 7, வியாழன்

இன்று செய்தேன்.

கிழங்கின் தோலைச் சீவிவிட்டுத் துருவினால் துருவலே விழவில்லை. வழவழவென்று ஒரே கூழ், தூக்கினால் முட்டை வெள்ளை மாதிரி நூல் இழுக்கிறது. அதற்குள் இரண்டு மணிக்கட்டிலும் அரிப்பு. சேனை நறுக்கினால் வருமே, அதே அரிப்பு. புளித்தண்ணீரில் கையைக் கழுவினேன், அடங்கியது.

நூறு கிராம் மாவு, நெத்திலிச் சாறு, இரண்டு முட்டை, பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ் ஒரு கிண்ணம் நிறைய. அதன்மேல் நம் கைச்சரக்கு: சோம்பும் சீரகமும் வறுத்து இடித்தது, மிளகு, சிட்டிகை பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை. பச்சை மிளகாய் போடவில்லை, அம்மாவுக்கு ஆகாது. சோம்பு விழுந்ததும் வீடே மாறிப்போனது. தோட்டத்து லயத்தில் ஞாயிற்றுக்கிழமை கறி கொதிக்கும்போது எட்டு வீட்டுக்கும் போகுமே, அந்த வாசனை.

கல்லில் இரண்டு விரல்கடை கனத்துக்கு ஊற்றி மூடிவைத்தேன். தோசைக்கரண்டியால் அழுத்தவே கூடாதாம். அழுத்தினால் உள்ளே இருக்கும் காற்று போய்விடும். என் கை அழுத்தத்தான் போயிற்று, அடக்கிக்கொண்டேன். இரண்டு கரண்டி வைத்துத் திருப்பினேன். உடையவில்லை.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வரைக்கும் வந்துவிட்டார். எத்தனை நாளாயிற்று அவராக எழுந்து வந்து. வாசனைதான் கூட்டிவந்தது. அங்கேயே நின்று தொட்டியில் கிடந்த கிழங்குத் தோலைப் பார்த்தார்.

"மரவள்ளியா பாப்பா?"

இல்லைம்மா, இது வேற கிழங்கு என்றேன். தட்டைக் கையில் வாங்கவில்லை. போய்ப் படுத்துக்கொண்டார்.

நவம்பர் 8, வெள்ளி

போன் வரவில்லை.

நவம்பர் 9, சனி

தூக்கம் இல்லை. எழுதிவிடுகிறேன்.

அந்த நாட்டுக்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலம். தாத்தாவை லோரியில் ஏற்றியபோது அம்மாவுக்கு ஐந்து வயது. சம்பளம், அரிசி எல்லாம் தருகிறோம் என்று சொல்லித்தான் தோட்டத்திலிருந்து ஆட்களைக் கூட்டிப்போனார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1943 அக்டோபரில் போட்டு முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன நம் ஆட்கள் பல்லாயிரம் பேர், காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே போனார்கள். தாத்தாவும் திரும்பவில்லை. எந்த முகாம், எந்த நாள் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. பாட்டி சாகும்வரை பொட்டை எடுக்கவில்லை.

அப்போது லயத்தில் அரிசி கிடையாது. மூன்று வேளையும் மரவள்ளி. தோண்டுவதும் அவிப்பதும் அம்மாவின் வேலை, ஐந்து வயதில். பிறகு நாங்கள் கேட்டால் அவித்து, தேங்காய்ப்பூ போட்டுக் கொடுப்பார். தான் ஒரு துண்டும் தொடமாட்டார். நான் அதை நாற்பது வருடம் பார்த்தவள். பேரை மறைக்கத் தெரிந்த எனக்குக் கிழங்குத் தோலை மறைக்கத் தெரியவில்லை.

அண்ணன் கிள்ளானிலிருந்து கூப்பிட்டார். சாப்பிட்டாரா, சாப்பிட்டாரா என்று அதையே கேட்கிறார். கோபமாகப் பேசிவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

விடியற்காலையில் தோன்றியது: உளுந்து. வடை மாவை உப்பவைப்பது எது? அரைக் கப் ஊறவைத்து, ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைத்தேன். ஒரு துளியைத் தண்ணீரில் போட்டால் மிதந்தது. கிழங்கே வேண்டாம்.

அங்கே மேலே ஊற்றும் கறுப்புச் சாஸில் பேரீச்சம்பழம் சேர்ப்பார்களாம். அதனால் புளியில் இரண்டு பேரீச்சம்பழத்தை நசுக்கிப் போட்டு, கறித்தூள் ஒரு சிட்டிகை சேர்த்து, கெட்டியாகக் காய்ச்சினேன். இனிப்புநீர் வியாதி இருப்பதால் அம்மாவுக்கு ஒரு தேக்கரண்டிதான். கிழங்கு போட்டதைவிட இது நன்றாக இருக்கிறது என்றே சொல்வேன். உள்ளே பஞ்சு, ஓரத்தில் முறுகல். நடுநடுவே முட்டைக்கோஸ் இனிக்கிறது.

அம்மாவைச் சமையலறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். எல்லாவற்றையும் அவர் கண்முன்னே போட்டேன். மாவையும் முட்டைக்கோஸையும் உளுந்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கால்வாசி சாப்பிட்டார்.

நவம்பர் 11, திங்கள்

பாதி! "கறிவேப்பிலை இன்னும் போடலாம்" என்றார்.

நவம்பர் 12, செவ்வாய்

சின்னவள் வீடியோவில் வந்தாள். பாட்டி தட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "பாட்டி, நான் சொல்லிக்கொடுத்த ஒக்கோனோமியாக்கி!" என்று வாய் தவறிச் சொன்னாள். அம்மா என்னைப் பார்த்தார். இது எந்த ஊர்ப் பலகாரம் என்று கேட்டார்.

சொன்னேன். அவள் இருக்கும் ஊரையும் சொன்னேன். ஒசாக்கா, சப்பான்காரன் ஊர் என்றேன். கை நடுங்கியது.

வெகுநேரம் பேசவில்லை. தட்டில் ஒதுங்கிக் கிடந்த கறிவேப்பிலையை எடுத்து மென்றார். பிறகு போனைத் தன் பக்கம் இழுத்து, "அங்க உனக்குச் சோறு கிடைக்குதா?" என்று கேட்டார்.

"கிடைக்குது பாட்டி."

"அரிசிச் சோறா?"

"அரிசிச் சோறுதான் பாட்டி."

மூன்று தடவை கேட்டார்.

நவம்பர் 13, புதன்

போன் வந்துவிட்டது. நாளை காலை 8 மணிக்கு ஈப்போவில் இருக்க வேண்டும். அண்ணன் இரவே புறப்பட்டு வருகிறார். அங்கே எவ்வளவு நேரம் உட்காரவைப்பார்களோ தெரியாது. உளுந்து ஊறப்போட்டிருக்கிறேன், நாலு மணிக்கு எழுந்து அரைக்க வேண்டும்.